தாத்தா கண்டுபிடித்த கப்பல்காரர்

துருவிக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய சொந்த அம்மாதான். எதைச் சொன்னாலும் அவள் "ஏன்?" என்று கேட்பாள். பதில் சொன்னால் "அது ஏன்?" என்று கேட்பாள். ஒருநாள் அம்மா கேரட் துருவியைக் கையில் வைத்துக்கொண்டே, "இதுகூட உன்ன மாதிரி துருவாது" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், அவளுக்குப் பத்து வயதாகியும் உதிரவில்லை.

அந்த வீட்டில் அவள் கேள்விகளுக்கு அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்கிற ஒரே ஆள் தாத்தா. ஏனென்றால் தாத்தாவும் இப்போது அவளைப் போலவே எதையாவது துருவிக்கொண்டுதான் இருந்தார்.

தாத்தா தபால்காரராக இருந்தவர். நாற்பது வருடம் நடந்து நடந்து, அந்த ஊரில் அவர் கால் படாத தெருவே இல்லை. எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். காலை ஒன்பது மணி ஆனதும் கால்கள் தாமாக வாசலுக்குப் போய்விடும். புதுத் தபால்காரர் வரும்வரை அங்கேயே நிற்பார். வந்ததும், "மூலை வீட்டுப் பழுப்பு நாய்க்கு இன்னிக்கு மனசு சரியில்ல, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார். அதோடு அன்றைய வேலை முடிந்துவிடும். பிறகு நாள் முழுவதும் நாற்காலியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒருநாள் நல்ல மழை. மழைக்கு ஒதுங்கியவர் போய் ஒதுங்கியது நூலக வாசலில். மழை விட்டதும் வீட்டுக்கு வந்தார். சட்டைக்குள் நனையாமல் இரண்டு புத்தகங்கள் இருந்தன. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

"நாப்பது வருஷம் மத்தவங்க எழுத்தையெல்லாம் தோள்ல சுமந்தேன். ஒரு வரி படிச்சதில்ல. படிக்கவும் கூடாது" என்றார் தாத்தா. "இப்ப யாரு என்னக் கேக்க முடியும்?"

பிறகென்ன, ஒன்பது மணிக்குக் கால்கள் நேரே நூலகத்துக்குப் போகப் பழகிக்கொண்டன.

நூலகத்தின் மாடியில் ஒரு பதிவறை இருந்தது. ஊரின் பழைய பதிவேடுகளெல்லாம் அங்கேதான். நூறு வருடத்துக்கு முந்தைய தெருப் பதிவேடு ஒன்றை நூலகர் தாத்தாவுக்கு எடுத்துக் கொடுத்தார். அதில் பெயர் எதுவும் கிடையாது. தெரு, வீட்டு எண், வீட்டுக்காரரின் தொழில், வீட்டில் எத்தனை ஆட்கள், அவ்வளவுதான்.

தாத்தாவுக்குத் தன்னுடைய தாத்தாவைப் பற்றி ஒன்றுமே, பெயர்கூடத் தெரியாது. அவருடைய அப்பா பால்குடி மறக்கும் முன்பே பெற்றோரை இழந்து, வேறு ஊரில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். பெரியவரான பிறகு சாவியோடு வந்து இந்த வீட்டைத் திறந்தார். ஒரு வெள்ளம் வந்து பழைய தாள்களை எல்லாம் கொண்டுபோயிருந்தது. வீடு மட்டும்தான் மிச்சம்.

வீட்டின் எண் 17. தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டில் தன் தெருவைத் தேடி, 17 என்ற எண்ணுக்கு நேராக விரலை வைத்தார்.

'கப்பல் சமையல்காரர். ஆட்கள் ஆறு' என்று இருந்தது.

அன்றைக்குத் தாத்தா நடந்து வந்தாரா பறந்து வந்தாரா என்று சொல்ல முடியாது. வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் கப்பல்காரர்தான் வீட்டில் பேச்சு. நூலகர் துறைமுகத்துக்குக் கடிதம் எழுதிப் பழைய ஏடுகளின் நகல்களை வரவழைத்தார். இந்தத் தெரு, 17ஆம் எண் என்ற முகவரியோடு ஒரு சமையல்காரரின் பெயர் கிடைத்தது. பதினோரு கடல் பயணங்கள் கிடைத்தன. ஒரு புயலில் பாத்திரத்தைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு பேருக்குக் கஞ்சி காய்ச்சினார் என்று கப்பல் தலைவர் எழுதி வைத்திருந்த குறிப்பும் கிடைத்தது.

தாத்தா கப்பல்களைப் பற்றிய புத்தகங்களை அலமாரி அலமாரியாகப் படித்தார். கப்பல்காரத் தொப்பி ஒன்று வாங்கினார். மாடிப்படியில் தள்ளாடினால், "மூட்டுவலி இல்ல, இது பரம்பரை நடை" என்றார். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் கடலைத்தான் காரணம் சொன்னார். அம்மாவுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

துருவிதான் மாட்டிக்கொண்டாள். கடல் ரத்தம் ஓடுகிற பெண் நீந்தத் தெரியாமல் இருக்கலாமா என்று அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அவள் நீரில் இறங்கினால் ஆணியைப் போல நேராக அடிக்குப் போனாள். ஆனாலும் அவளுக்குக் கப்பல்காரரைப் பிடிக்கும். மாலை வேளைகளில் தாத்தா எழுதியதைப் படித்துக் காட்டும்போது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைசிப் பக்கத்தை மட்டும் தாத்தா மெதுவாகப் படிப்பார். பதினோராவது பயணம் முடிந்து திரும்பி வருகிற வழியில், ஊர் வந்து சேர நான்கே நாள் இருக்கும்போது, கப்பல்காரர் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய பெட்டியில் இருந்த பொருள்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். சட்டை இரண்டு, கரண்டி ஒன்று, தகர ஊதல் நான்கு.

"நாலு பிள்ளைங்க. ஆளுக்கு ஒண்ணு" என்பார் தாத்தா.

பட்டியலுக்குக் கீழே இன்னும் ஒரு வரி உண்டு. செய்தி 17ஆம் எண் வீட்டுக்குக் கடிதமாக அனுப்பப்பட்டது, 'இப்படி யாரும் இங்கே இல்லை' என்று திரும்பி வந்தது. அதைப் படித்தால் தாத்தாவுக்குக் கோபம் வரும். வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே கடிதத்தைத் திருப்பி அனுப்பியவன் என்ன தபால்காரன் என்று பல்லைக் கடிப்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்கு அறுபத்தைந்தாவது பிறந்தநாள். அத்தையும் அவள் குடும்பமும் வருகிறார்கள். அன்றைக்கு எல்லார் முன்பும் தாத்தா தன் நோட்டுப் புத்தகத்தைப் படிக்கப்போகிறார். எழுபத்திரண்டு பக்கம். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் புத்தகம். அட்டைப்படம் வரைவது துருவியின் பொறுப்பு.

வியாழக்கிழமை மாலை அவள் வாசலில் உட்கார்ந்து வீட்டை வரைந்துகொண்டிருந்தாள். பிறந்தநாளுக்காக வீட்டுக்கு வண்ணம் பூச வந்த பெயிண்டர், வாசல் கல்தூணில் 17 என்று எழுதியிருந்த தகரத் தகட்டைக் கழற்றினார். பிறகு பழைய வண்ணத்தைச் சுரண்டினார். பச்சை உதிர்ந்தது. அதற்கடியில் நீலம், அதற்கடியில் மஞ்சள். கடைசியில் கல் தெரிந்தது. கல்லில் ஓர் எண் செதுக்கியிருந்தது.

அந்த எண் 32.

"இது என்னண்ணா?" என்று கேட்டாள் துருவி.

பெயிண்டர் தோளைக் குலுக்கினார். போன வாரம் பக்கத்து வீட்டுத் தூணைச் சுரண்டியபோதும் இப்படித்தான் ஒன்று வந்ததாம். அங்கே 31.

துருவியின் பென்சில் நின்றது. பக்கத்து வீட்டின் எண் 18. அவள் எழுந்து தெருவில் ஓடினாள். அந்தத் தெருவில் ஒரு பக்கம் மட்டும்தான் வீடுகள், எதிர்ப்பக்கம் பூங்காவின் நீளச் சுவர். 20ஆம் எண் வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. அதன் தூணில் வண்ணம் தானாகவே உரிந்திருந்தது. குனிந்து பார்த்தாள். 29.

படத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். 17ம் 32ம் நாற்பத்தொன்பது. 18ம் 31ம் நாற்பத்தொன்பது. 20ம் 29ம் நாற்பத்தொன்பது. தெருவில் மொத்தம் நாற்பத்தெட்டு வீடுகள்.

முன்பு ஒரு காலத்தில் இந்தத் தெருவை அந்த முனையிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். இப்போது இந்த முனையிலிருந்து எண்ணுகிறார்கள். அப்படியென்றால் தாத்தா பதிவேட்டில் பார்த்த 17ஆம் எண் இந்த வீடே இல்லை.

துருவிக்கு நீச்சல் குளத்தின் அடிக்குப் போவது போல இருந்தது. கப்பல்காரர் நம்முடைய ஆள் இல்லை. புயலும் கஞ்சியும் நான்கு ஊதல்களும் வேறு யாருடைய வீட்டுக்கோ சொந்தம்.

"நாளைக்குக் காலையில முதல் பூச்சு" என்றார் பெயிண்டர். "பூசிட்டா இந்த நம்பர் மறைஞ்சிடும். தகட்டத் திரும்ப மாட்டிடுவேன். சரிதானே?"

துருவி அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். மறைந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தாத்தா படிப்பார், எல்லாரும் கைதட்டுவார்கள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அண்ணா, நாளைக்குப் பின்பக்கத்துலருந்து ஆரம்பிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சுவர் எல்லாம் சுவர்தானே, எனக்கென்ன என்று அவர் ஒப்புக்கொண்டார். போகும்போது எண் தெரியாதபடி ஒரு பழைய துணியைத் தூணில் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். வண்ணம் பூசுகிற இடத்தில் துணி கட்டியிருப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அன்று இரவு தாத்தா ஒத்திகை பார்த்தார். நோட்டைத் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாற்காலிகளுக்குப் படித்துக் காட்டினார். "ஊதல் வர்ற இடத்துல உங்க அத்த அழுவா பாரு" என்று சொல்லிச் சிறு பிள்ளை போலச் சிரித்தார். துருவிக்குத்தான் அழுகை வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்குப் போனாள். அந்தப் பதிவேட்டில் 32ஆம் எண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள். நூலகர் எடுத்துக் கொடுத்தார்.

32. 'மெத்தை தைப்பவர். ஆட்கள் ஏழு.'

துருவி நடந்ததைச் சொன்னாள். நூலகர் அவசரமாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். அங்கே பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. அந்தத் தெருவின் எண்களை மறுமுனையிலிருந்து மாற்றி எழுதும்படி உத்தரவு. அதில் இருந்த வருடம், கப்பல்காரர் பதினோராவது முறை கடலுக்குப் போன அதே வருடம்.

நூலகரின் முகம் வாடிவிட்டது. கடைசிப் பக்கத்தை யார் பார்த்தார்கள், நானும்தானே கூட இருந்து தேடினேன் என்று வருத்தப்பட்டார். தாத்தாவிடம் தானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். துருவி வேண்டாம் என்று தலையாட்டினாள். இதை வெளியாள் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்றைய 32ஆம் எண் வீட்டின் முன்னால் அவள் கால்கள் நின்றன. பழைய 17ஐக் கூட்டினால் நாற்பத்தொன்பது. கப்பல்காரரின் உண்மையான வீடு இதுதான்.

அங்கே ஒரு கடிகாரக்காரர் தனியாக இருந்தார். முன் அறைதான் கடை. தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பந்து விழுங்கி. அவர் முற்றத்தில் விழுந்த பந்து எதுவும் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

துருவி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டின. இதில் எது சரி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"சரியானதெல்லாம் அதது வீட்டுக்குப் போயிடும். இங்க இருக்கிறதெல்லாம் தப்புதான்" என்றார் அவர், ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே. "பந்தா?"

பந்து இல்லை என்றாள். இந்த வீடு ரொம்பக் காலமாக உங்களுடையதா என்று கேட்டாள். ஆமாம், ஐந்து தலைமுறையாக என்றார். அந்தக் காலத்தில் உங்கள் குடும்பத்தில் யாராவது கப்பலில் வேலை பார்த்தார்களா என்று கேட்டாள்.

கடிகாரக்காரரின் கையிலிருந்த குட்டித் திருகாணி மேசையில் விழுந்தது.

"எங்க தாத்தாவோட அப்பா. கப்பலுக்குப் போனார், திரும்பி வரல" என்றார். "பொண்டாட்டி புள்ளைங்கள அம்போன்னு விட்டுட்டு ஓடிப்போயிட்டார். எங்க வீட்டுல அவரப் பத்திப் பேசவே மாட்டாங்க. உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

துருவிக்கு எல்லாமே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் எழுபத்திரண்டு பக்கமும் தாத்தா எழுதியது. சொல்ல வேண்டியவர் அவர்தான். சும்மாதான் மாமா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இப்போது அவளுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்த மாமா காலம் முழுக்க அந்தக் கப்பல்காரர் ஓடிப்போனவர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

தாத்தா முற்றத்தில் தொப்பிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, வேற வீட்டுக் கடிதம் ஒண்ணு தவறிப்போய் நம்ம வீட்டுக்கு வந்துட்டா என்ன செய்வீங்க?"

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு எப்போதும் முதுகு நிமிரும்.

"இது என்ன கேள்வி? உரியவங்க கையில சேத்துடணும். எத்தன நாள் ஆனாலும் சரி. அத வெச்சுக்கிட்டிருக்கிறவன் தபால்காரனே இல்ல."

"நூறு வருஷம் ஆனாலுமா?"

தாத்தா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். துருவி அவர் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய்த் தூணில் இருந்த துணியை விலக்கினாள். பிறகு தன் படத்தின் ஓரத்தில் போட்ட கணக்கைக் காட்டினாள்.

நாற்பது வருடம் வீட்டு எண்களோடு வாழ்ந்தவருக்கு அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரலால் அந்த மூன்றையும் இரண்டையும் மெதுவாகத் தடவினார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்கவே துருவிக்குப் பொறுக்கவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நொடி தவித்தாள்.

"நாப்பது வருஷத்துல ஒரு கடிதம்கூட வீடு மாத்திக் கொடுத்ததில்ல" என்றார் தாத்தா கடைசியில். "ரெண்டு வருஷமா வேற யாரோட தாத்தாவையோ மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டிருந்திருக்கேன்."

"நம்ம வீட்டுல இருந்தவங்க, இப்படி யாரும் இல்லன்னு அன்னிக்குச் சொன்னது நெஜம்தான் தாத்தா. அந்தத் தபால்காரரும் சரியாத்தான் வந்தார். நம்பர்தான் மாறிப்போச்சு."

தாத்தா தலையில் கைவைத்துக்கொண்டார். எத்தனை முறை அந்த மனுஷனைத் திட்டியிருப்பேன் என்று முணுமுணுத்தார்.

துருவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரக்காரர் சொன்னதைச் சொன்னாள். அம்போவென்று விட்டுவிட்டு ஓடிப்போனார் என்று சொன்னதையும் சொன்னாள்.

"ஓடிப்போனாரா?" தாத்தா வெடுக்கென்று நிமிர்ந்தார். "யாரச் சொல்றாங்க? நாலு ஊதல் வாங்கிப் பெட்டியில வெச்சிருந்த மனுஷனையா?"

அவர் எழுந்து உள்ளே போனார். பரணிலிருந்து பழைய தபால் பையை இறக்கும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாத்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தொப்பி ஆணியிலேயே தொங்கியது. நோட்டுப் புத்தகத்தைப் பெரிய உறையில் போட்டு, மேலே அழகான எழுத்தில் முகவரி எழுதியிருந்தார். பழைய எண் 17, புதிய எண் 32. துருவி கூடவே நடந்தாள். தாத்தாவின் நடையில் தள்ளாட்டம் துளியும் இல்லை.

32ஆம் எண் வீட்டு வாசலில் நின்று, "தபால்" என்று குரல் கொடுத்தார்.

கடிகாரக்காரர் கதவைத் திறந்தார். "எனக்கு யாரு எழுதப்போறாங்க? நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே?"

"இது ஒண்ணு பாக்கி இருந்துது" என்றார் தாத்தா. "வீடு மாறி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. கொஞ்சம் தாமதம். மன்னிக்கணும்."

கடிகாரக்காரர் உறையைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தார். பெரிய எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் அசையாமல் நின்றார்.

"இது எங்க அப்பா பேரு" என்றார். "ஓடிப்போனவர் பேர எதுக்கு அவருக்கு வெச்சாங்கன்னு எனக்கு வெளங்கினதே இல்ல."

அவர் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். தாத்தாவும் துருவியும் முக்காலிகளில் காத்திருந்தார்கள். கடிகாரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு மணி அடித்தன. புயல் வந்த பக்கத்தில் அவர் ஒருமுறை சிரித்தார். பாத்திரத்தையா இடுப்பில் கட்டினார் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கடைசிப் பக்கம் வந்தபோது ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"எங்க தாத்தா கூடப் பொறந்தவங்க மூணு பேர்" என்றார். "மொத்தம் நாலு."

"தெரியும்" என்றார் தாத்தா.

"அப்போ அவர் ஓடிப்போகல."

"இல்லைங்க. வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தார்."

கடிகாரக்காரர் நோட்டை மூடி மடியில் வைத்தார். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை குடும்பத்தோடு வந்தாள். கடிகாரக்காரரும் ஒரு துணிப்பையோடு வந்தார். பையைத் துருவியிடம் நீட்டினார். உள்ளே ஏழு பந்துகளும், ஒரு பம்பரமும், யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்பும் இருந்தன.

கப்பல்காரரின் கதையை அன்று கடிகாரக்காரரே படித்தார். நடுநடுவே தாத்தா, "இங்க கொஞ்சம் நிறுத்திப் படிங்க" என்று எடுத்துக் கொடுத்தார். ஊதல் வந்த இடத்தில் அத்தை சொல்லி வைத்தாற்போல அழுதாள். தாத்தா துருவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிறகு தாத்தா ஒரு புது நோட்டைத் திறந்தார். அட்டையில் துருவி வரைந்த வீடு. தூணில் 17, அதன் பக்கத்தில் சின்னதாக 32. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"பழைய எண் 32. மெத்தை தைப்பவர். ஆட்கள் ஏழு."

நோட்டை மூடினார்.

அவ்வளவுதானா அப்பா என்று அத்தை கேட்டாள். இதுவரைக்கும் அவ்வளவுதான் என்றார் தாத்தா. அப்போது மூலையிலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. துருவியின் அப்பா நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் தாத்தா. "ரத்தம் பேசுது."

எல்லாரும் சிரித்த சிரிப்பில் அப்பா விழித்துக்கொண்டு, தானும் சிரித்தார். எதற்கென்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அந்த நல்ல நேரத்தைத் தவறவிடாமல், அப்படியானால் இனி நீச்சலுக்குப் போக வேண்டாம்தானே என்று துருவி கேட்டாள். போகத்தான் வேண்டும், கடலுக்காக இல்லை, மூழ்காமல் இருப்பதற்காக என்று அம்மா சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை துருவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மணி எட்டே முக்கால். தூணெல்லாம் புது வண்ணம். ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் கல்லைப் பூசாமல் விட்டிருந்தார் பெயிண்டர். அதில் 32 பளிச்சென்று தெரிந்தது.

தாத்தா புது நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளோடு நடந்தார். மெத்தைக்கு அந்தக் காலத்தில் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று ஒரு புத்தகம் நூலகத்தில் இருக்கிறதாம். அதை வேறு யாராவது எடுப்பதற்குள் எடுத்துவிட வேண்டுமாம்.

32ஆம் எண் வீட்டைத் தாண்டும்போது கடிகாரக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் ஒரு நோட்டு இருந்தது.

"தபால்காரரே, நில்லுங்க, நானும் வர்றேன்" என்றார். "அந்த ஊதல அவர் எந்த ஊர்ல வாங்கினார்? ஏன் ஊதலா பாத்து வாங்கினார்?"

தாத்தா துருவியைப் பார்த்தார். துருவி தாத்தாவைப் பார்த்தாள்.

"வாங்க" என்றார் தாத்தா. "போய்த் தேடுவோம்."